கறி மாட்டின் உடற்கட்டு: கண், கை, டேப் மூன்றையும் பயன்படுத்தும் முறை

நம் ஊரில் மாடு பார்க்கத் தெரிந்தவர் என்று பெயரெடுத்த ஒருவரை ஸ்காட்லாந்தின் ஆங்கஸ் காளை முன்னால் நிறுத்தினால் முகம் சுளிப்பார். கொம்பு கிடையாது, திமில் கிடையாது, கால் குட்டை, கழுத்து எங்கே முடிந்து உடம்பு எங்கே தொடங்குகிறது என்றே தெரியாது. அவர் கண்ணில் தவறில்லை. அந்தக் கண் வேறு வேலைக்குப் பழகியது. காங்கேயம் காளையில் நாம் தேடுவது இழுவை: முன்பக்கம் பாரம், உறுதியான கால், இறுகிய தோல். பால் மாட்டில் தேடுவது ஆப்பு வடிவம்: முன்னால் ஒடுக்கம், பின்னால் அகலம், மடி. இறைச்சிக்கென்றே வளர்க்கும் மாட்டில் பார்க்க வேண்டியது இரண்டுமே இல்லை. பக்கத்திலிருந்து பார்த்தால் நான்கு மூலையும் நிறைந்த செங்கல் மாதிரி இருக்க வேண்டும். அந்தச் செங்கலிலும் விலை மதிப்புள்ள பாதி பின்பாதிதான்.

ஆங்கஸ், ஹெரிஃபோர்டு, ஷரோலே, லிமூசின் போன்ற இறைச்சி இனங்களை மதிப்பிடும் முறையைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்லப்போகிறேன். கால்நடை அறிவியல் படிப்பவர்களுக்கும், பண்ணையில் மாடு தேர்ந்தெடுப்பவர்களுக்கும் பயன்படும். முதலில் ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். உடற்கட்டு என்பது உடம்பின் அளவு அல்ல. எலும்புக்கூடு எவ்வளவு பெரியது என்பது ஒரு கேள்வி, அதன்மேல் எவ்வளவு தசை போர்த்தியிருக்கிறது என்பது இன்னொரு கேள்வி. டேப் பெரும்பாலும் முதல் கேள்விக்குத்தான் பதில் சொல்லும். உடற்கட்டு இரண்டாவது கேள்வி.

தள்ளி நின்று தொடங்குங்கள்

மாட்டின் பக்கத்தில் போய்விட்டால் மாடு தெரியாது, தோல்தான் தெரியும். பதினைந்து இருபது அடி தள்ளி, பக்கவாட்டில் நில்லுங்கள். மாடு சமதளத்தில், நான்கு காலும் நேராக ஊன்றி, தலையை இயல்பாக வைத்து நிற்க வேண்டும். மேட்டில் முன்காலை வைத்து நிற்கும் மாடு உயரமாகவும் நீளமாகவும் தெரியும். விற்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

பக்கவாட்டில் பார்க்க வேண்டியவை கொஞ்சம்தான். முதுகுக் கோடு தோளிலிருந்து வாலடி வரை ஏறக்குறைய நேராகப் போகிறதா? இடுப்பெலும்பின் முனையிலிருந்து வாலடிக்கு இருபுறமும் துருத்தும் பின்னெலும்பு வரையுள்ள பகுதி நீளமாக இருக்கிறதா? விலை அதிகமுள்ள துண்டுகள் அங்கேதான் இருக்கின்றன. அந்தப் பகுதி இலேசாகச் சரிந்திருப்பது நல்லது, வெட்டிவிட்டதுபோல் செங்குத்தாக இறங்கினால் நல்லதல்ல. வயிற்றின் ஆழத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். தொங்கும் வயிற்றில் இருப்பது தீனியும் தண்ணீரும்தான்.

பின்னால் போய் நில்லுங்கள், அங்கே நேரம் செலவிடுங்கள்

ஒரே ஒரு கோணத்தில்தான் பார்க்கலாம் என்று யாராவது கட்டாயப்படுத்தினால் நான் பின்பக்கத்தைத்தான் கேட்பேன்.

பின்னாலிருந்து பார்க்கும்போது உடம்பின் மிக அகலமான இடம் எது என்று தேடுங்கள். தசை மிகுந்த மாட்டில் அது தொடையின் நடுவே, தொடை மூட்டின் (பின்காலின் முழங்கால் மூட்டு) மட்டத்தில் இருக்கும். தொடைகள் வெளியே பிதுங்கி, பின்கால்கள் ஒன்றுக்கொன்று விலகி நிற்கும். தசை குறைந்த மாட்டில் அகலம் மேலே, இடுப்பெலும்பில் இருக்கும். அங்கிருந்து கீழே வரவரக் குறுகிக்கொண்டே போய், கால்கள் நெருங்கி நிற்கும். தொடைகளுக்கு இடையே மேலே வரை வெளிச்சம் தெரிந்தால் சதை இல்லை என்று அர்த்தம்.

அடுத்தது கொழுப்பின் ஏமாற்று வேலை. புதிதாகப் பார்ப்பவர்கள் எல்லாரும் விழும் குழி இது. நானும் விழுந்திருக்கிறேன். முதன்முதலில் நான்கு மாடுகளை வரிசைப்படுத்தச் சொன்னபோது, முதுகு மேசைபோல் தட்டையாக அகன்றிருந்த ஒன்றுக்குத்தான் தயங்காமல் முதலிடம் கொடுத்தேன். அறுத்துத் தொங்கவிட்டபோது தோலுக்கடியில் விரல் பருமனுக்குக் கொழுப்பு. நான் மூன்றாவதாகத் தள்ளிய மாட்டில்தான் இறைச்சி இருந்தது.

அன்று கற்றுக்கொண்டது இதுதான். தசை உருண்டிருக்கும், கொழுப்பு தட்டையாக நிரப்பும். தசை மிகுந்த மாட்டின் முதுகை மேலிருந்தோ பின்னாலிருந்தோ பார்த்தால் முதுகெலும்பின் இருபுறமும் தசை மேடிட்டு, நடுவே ஒரு வாய்க்கால் ஓடும். கொழுத்த மாட்டின் முதுகு விளிம்பு வரை தட்டையாகப் போய், அங்கே சடாரென்று மூலை திரும்பும். தசை அசையும்போது உருளும், கொழுப்பு குலுங்கும்.

கொழுப்பு அதிகம் சேராத இடங்கள் இரண்டு உண்டு: முன்னங்காலின் மேற்பகுதி, பின் தொடை மூட்டைச் சுற்றியுள்ள இடம். எவ்வளவு கொழுத்த மாடாக இருந்தாலும் இந்த இரண்டு இடமும் பெரும்பாலும் உண்மையையே சொல்லும். சந்தேகம் வந்தால் அங்கே பாருங்கள்.

கை வைத்துப் பாருங்கள்

மாடு பழகியதாக இருந்தால் மட்டும். உதை வாங்கிக்கொண்டு கற்கும் அளவுக்கு இது முக்கியமில்லை.

விரல்களைச் சேர்த்து, கடைசி விலா எலும்புகளின் மேல் வைத்து அழுத்துங்கள். எலும்புகள் ஒவ்வொன்றாகக் கூர்மையாகத் தட்டுப்பட்டால் மாடு மெலிவு. இலேசாக அழுத்தினால்தான் தட்டுப்படுகிறது என்றால் அறுப்புக்குத் தயார். அழுத்தியும் தட்டுப்படவில்லை என்றால் கொழுப்பு கூடிவிட்டது. அப்புறம் வாலடியின் இருபுறமும், நெஞ்சடியும், தொடைக்கு முன்னுள்ள அடிவயிற்று மடிப்பும். அங்கெல்லாம் பஞ்சுபோல் திரண்டிருந்தால் அது கொழுப்பு.

இதற்கு மதிப்பெண் போடும் முறைகள் உண்டு. அமெரிக்காவில் இறைச்சி மாடுகளின் உடல் நிலையை 1 முதல் 9 வரை போடுவார்கள், பிரிட்டனில் 1 முதல் 5 வரை. இந்த மதிப்பெண் கொழுப்புக்கானது, தசைக்கானது அல்ல. ஆஸ்திரேலியர்கள் இரண்டையும் தெளிவாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள்: தசைக்கு ஏ முதல் இ வரை (A–E) தனி எழுத்து, கொழுப்புக்கு மில்லிமீட்டரில் தனி அளவு. நீங்களும் குறிப்பேட்டில் இரண்டையும் தனித்தனியாகவே எழுதுங்கள். ஒரே மதிப்பெண்ணில் கலந்துவிட்டால் பிறகு பிரிக்கவே முடியாது.

அப்படியே நடக்கவிட்டுப் பாருங்கள். பின்குளம்பு முன்குளம்பு வைத்த தடத்திலோ அதை ஒட்டியோ விழ வேண்டும். அறுப்புக்குப் போகும் மாட்டுக்கு இது பெரிய விஷயமில்லை. இனப்பெருக்கத்துக்கு வைக்கும் காளைக்கும் கிடேரிக்கும் காலில் குறை இருந்தால் மற்ற எல்லாம் வீண். காளை என்றால் விதைப்பையின் சுற்றளவையும் அளந்துவிடுங்கள். 15 மாதத்துக்குள் குறைந்தது 30 செ.மீ. இருக்க வேண்டும் என்பது பொதுவாகப் பின்பற்றப்படும் வரம்பு.

இப்போது டேப்

கண்ணால் பார்த்ததை எழுதி முடித்த பிறகே டேப்பை எடுங்கள். எண்ணை முதலில் பார்த்துவிட்டால் கண் அதற்கு வக்கீலாகிவிடும்.

தேவையானவை துணி டேப் ஒன்று, உயரம் அளக்க நேரான கோல் ஒன்று. கோலில் நகரும் குறுக்குச் சட்டம் இருந்தால் நல்லது. ஒவ்வோர் அளவையும் மூன்று முறை எடுத்துச் சராசரி போடுங்கள்.

மார்புச் சுற்றளவு: முன்னங்காலுக்குச் சற்றே பின்னால் டேப்பைச் சுற்றுங்கள். தோலோடு ஒட்ட வேண்டும், இறுக்கக் கூடாது. மாடு மூச்சை வெளியே விடும்போது படியுங்கள். தலையைத் தூக்கினாலோ தாழ்த்தினாலோ இந்த எண் மாறிவிடும்.

உடல் நீளம்: தோள் முனையிலிருந்து அந்தப் பக்கத்துப் பின்னெலும்பு முனை வரை, சாய்வாக. சிலர் முதுகின் மேல் கழுத்தடியிலிருந்து வாலடி வரை அளக்கிறார்கள். அது வேறு அளவு, கீழே வரும் கணக்குக்கு ஒத்துவராது.

உயரம்: தோளில் ஒன்று, இடுப்பில் ஒன்று. இடுப்பு உயரமே நம்பகமானது. தலை அசைந்தால் தோள் ஏறி இறங்கும், இடுப்பு அவ்வளவாக அசையாது.

இடுப்பு அகலம் என்பது இரண்டு இடுப்பெலும்பு முனைகளுக்கும் இடைப்பட்ட தூரம். மார்பு ஆழம் என்பது தோளின் உச்சியிலிருந்து நெஞ்செலும்பு வரை. முன்னங்காலின் கீழெலும்பை மிக ஒல்லியான இடத்தில் சுற்றி அளந்தால் எலும்பின் பருமன் கிடைக்கும்.

கடைசியாக, பலரும் விட்டுவிடும் ஓர் அளவு: தொடைச் சுற்று. ஒரு பக்கத் தொடை மூட்டிலிருந்து பின்பக்கமாகத் தொடையைச் சுற்றி மறுபக்கத் தொடை மூட்டு வரை டேப்பைப் பிடியுங்கள். மேலே சொன்ன அளவுகளில் தசையை நேராகத் தொடும் அளவு இது ஒன்றுதான்.

எடைக் கணக்கு

எடை மேடை இல்லாத இடத்தில் உலகம் முழுக்கப் பயன்படும் கணக்கு இது. மார்புச் சுற்றளவை அதே எண்ணால் பெருக்கி, உடல் நீளத்தாலும் பெருக்கி, செ.மீ. அளவென்றால் 10,840-ஆலும், அங்குல அளவென்றால் 660-ஆலும் வகுத்தால் கிலோவில் எடை வரும். மாட்டின் உடம்பை ஓர் உருளையாக எடுத்துக்கொள்வதுதான் இதன் அடிப்படை.

சுற்றளவு 180, நீளம் 140 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். 180 × 180 × 140 ÷ 10,840 = சுமார் 418 கிலோ. சுற்றளவில் 5 செ.மீ. தவறி 185 என்று படித்துவிட்டால் 442 கிலோ வரும், அதாவது 24 கிலோ பிழை. நீளத்தில் அதே 5 செ.மீ. தவறினால் பிழை 15 கிலோதான். சுற்றளவு இரண்டு முறை பெருக்கப்படுவதால் அதில் வரும் பிழையும் இரட்டிப்பாகிறது. எடையோடு மிக நெருங்கிய தொடர்புள்ள ஒற்றை அளவு மார்புச் சுற்றளவுதான் என்பதும், ஆராய்ச்சிகளில் திரும்பத் திரும்பக் கண்ட முடிவு. அதனால் அங்கேதான் கவனம் வேண்டும்.

இன்னொன்று: வயிற்றில் இருக்கும் தீனியும் தண்ணீரும் உயிர் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேலேயே போகலாம். காலையில் தீனி போடுவதற்கு முன் எடுத்த எடையை மாலையில் எடுத்ததோடு ஒப்பிடாதீர்கள்.

அளவுக்கும் உடற்கட்டுக்கும் என்ன உறவு?

இதுதான் விஷயத்தின் மையம், கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

மேலே கணக்குப் போட்ட 418 கிலோ மாடுகள் இரண்டு இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் ஒரே வயது, ஒரே அளவு கொழுப்பு. ஒன்றின் இடுப்பு உயரம் 122 செ.மீ., இன்னொன்றின் உயரம் 134. எடையை உயரத்தால் வகுத்தால் முதல் மாட்டுக்கு ஒவ்வொரு செ.மீ.-க்கும் 3.4 கிலோ, இரண்டாவதற்கு 3.1 கிலோ. எடை ஒன்றுதான், முதல் மாடு அந்த எடையைச் சிறிய சட்டகத்தில் சுமக்கிறது. கண்ணால் பார்த்து இதற்குத்தான் "கட்டு நன்றாக இருக்கிறது" என்று சொல்வோம்.

உயரத்தைத் தனியாக எடுத்தால் அதற்கும் உடற்கட்டுக்கும் பெரிய தொடர்பு இருக்காது. எடையைச் சமமாக்கிக்கொண்டு பார்த்தால் தொடர்பு தலைகீழாகவே வரும்: உயரம் கூடக்கூட உடற்கட்டு மதிப்பெண் குறையும். நீளத்துக்கும் இதுதான் கதை. இடுப்பு அகலத்தைப் பார்த்துச் சதை என்று நினைப்பவர்கள் உண்டு. அது எலும்பின் அகலம். பால் இனமான ஹோல்ஸ்டைன் பசுவின் இடுப்பும் அகலமானதுதான், அதன் தொடையைப் பாருங்கள்.

ஐரோப்பாவில் 1981-இல் வந்த தரப்படுத்தும் முறை இதே தர்க்கத்தில்தான் நிற்கிறது. அறுத்துத் தோலுரித்த உடலின் தொடை, முதுகு, தோள் ஆகிய மூன்றின் பக்கக் கோட்டைப் பார்த்து இ, யு, ஆர், ஓ, பி (E, U, R, O, P) என்று எழுத்து கொடுப்பார்கள். கோடு வெளியே நன்றாக வளைந்திருந்தால் இ, நேராக இருந்தால் ஆர், உள்ளே குழிந்திருந்தால் பி. அபாரமான தசையுள்ளவற்றுக்கு இவற்றுக்கெல்லாம் மேலே எஸ் என்று ஒன்று. கொழுப்புக்குத் தனியாக 1 முதல் 5 வரை. எடை எவ்வளவு, உயரம் எவ்வளவு என்ற பேச்சே இந்த எழுத்தில் கிடையாது.

நல்ல உடற்கட்டுள்ள மாட்டில் விலை உயர்ந்த துண்டுகளின் பங்கு அதிகம் என்றொரு நம்பிக்கை உண்டு. ரெக்ஸ் பட்டர்ஃபீல்டு, ராய் பெர்க் போன்ற ஆராய்ச்சியாளர்கள் மாடுகளின் தசைகளை ஒவ்வொன்றாகப் பிரித்து எடை போட்டுப் பார்த்தார்கள். மொத்தத் தசையில் எந்தத் தசைக்கு எத்தனை பங்கு என்பது இனத்துக்கு இனம் ஆச்சரியப்படும் அளவுக்குக் குறைவாகவே மாறுகிறது என்று தெரிந்தது. அப்படியானால் உடற்கட்டால் லாபம் எங்கே? எலும்புக்குத் தசை எத்தனை மடங்கு என்பதில், உயிர் எடையில் எத்தனை சதவீதம் இறைச்சியாகக் கொக்கியில் தொங்குகிறது என்பதில். பால் இன மாட்டில் அது 50-ஐ ஒட்டி நிற்கும், நல்ல இறைச்சி இனத்தில் 60-ஐ எட்டும், பெல்ஜியன் ப்ளூவில் அதையும் நன்றாகத் தாண்டும்.

பெல்ஜியன் ப்ளூவில் தசை வளர்ச்சிக்குக் கடிவாளம் போடும் மயோஸ்டாட்டின் என்ற மரபணு பழுதாகியிருக்கிறது, 1997-இல் கண்டுபிடித்தார்கள். கடிவாளம் அறுந்ததால் தொடை இரட்டைத் தொடையாகத் தெரியும். கன்று வெளியே வர முடியாமல் வயிற்றைக் கிழித்து எடுப்பது அந்த இனத்தில் சாதாரணம். உடற்கட்டுக்கு எஸ் வாங்கிக்கொடுத்தது அதே மரபணுதான்.

சட்டக மதிப்பெண்

உயரத்துக்கு உடற்கட்டில் பங்கு இல்லையென்றால் அதை ஏன் அளக்க வேண்டும்? மாடு எந்த எடையில் முற்றும் என்று தெரிந்துகொள்ள. விலங்கின் உடம்பில் முதலில் எலும்பும், அடுத்து தசையும், கடைசியில் கொழுப்பும் வேகம் பிடிக்கும். கேம்பிரிட்ஜில் ஜான் ஹாமண்ட் என்ற விஞ்ஞானி வகுத்துக் காட்டிய வரிசை இது. சிறிய சட்டகமுள்ள மாடு சீக்கிரம் முற்றி, குறைந்த எடையிலேயே கொழுப்பு போடும். பெரிய சட்டகம் அதே எடையில் இன்னும் எலும்பும் தசையும் வளர்த்துக்கொண்டிருக்கும்.

அமெரிக்காவின் பீஃப் இம்ப்ரூவ்மென்ட் ஃபெடரேஷன் தரும் அட்டவணைப்படி, 12 மாதக் காளையின் இடுப்பு உயரம் 49 அங்குலம் என்றால் சட்டக மதிப்பெண், அதாவது வயதையும் இடுப்பு உயரத்தையும் வைத்துப் போடும் எண், 5. கிடேரிக்கு 47 அங்குலம். உயரத்தில் 2 அங்குலம் கூடினாலோ குறைந்தாலோ மதிப்பெண் ஒன்று மாறும். வயது சரியாகத் தெரிய வேண்டும், பல் பார்த்துச் சொல்லும் வயது இதற்குப் போதாது.

உயரம் என்ற இந்த ஒன்றையே பார்த்துப் போனதில் அமெரிக்கா இரண்டு முறை பள்ளத்தில் விழுந்திருக்கிறது. 1940-கள், 50-களில் கண்காட்சி நடுவர்களுக்குக் குட்டையான, திரண்ட மாடுதான் பிடித்தது. நிற்கும் மனிதரின் இடுப்பு பெல்ட் உயரத்துக்கு மேல் வளராத காளைகள் பரிசு வாங்கின. ஹெரிஃபோர்டு மந்தைகளில் குள்ளக் கன்றுகள் பிறக்கத் தொடங்கின. குள்ளத்தன்மைக்கான மரபணுவை ஒற்றையாகச் சுமந்த மாடுகள்தான் நடுவர்கள் விரும்பிய அந்தத் திரண்ட உருவத்தோடு இருந்தன. எவை சுமக்கின்றன என்று கண்டுபிடிக்க நெற்றியின் வளைவை அளக்கும் கருவிகூடச் செய்துபார்த்தார்கள். கடைசியில் வம்சாவளியைப் பார்த்துக் கழித்துக் கட்டியதுதான் வேலை செய்தது. அடிபட்ட ஊசல் மறுபக்கம் போய், 1980-களில் ஒட்டகம்போல் உயர்ந்த காளைகள் மேடையேறின. அவற்றின் மகள்களைத் தீனி போட்டுக் காப்பாற்ற முடியாமல் பண்ணைக்காரர்கள் மறுபடி நடுத்தரத்துக்கு வந்தார்கள். உயரமும் குட்டையும் கண்ணுக்கு உடனே தெரிவதால் நடுவர்கள் அதில் சிக்கினார்கள் என்பது என் எண்ணம். தொடையைப் பார்க்கப் பொறுமை வேண்டும்.

திமிலுள்ள மாடென்றால்

மேலே சொன்ன கணக்குகள் திமிலில்லாத ஐரோப்பிய இனங்களை வைத்து உருவானவை. ஆந்திராவின் ஓங்கோல் மாடு பிரேசிலுக்குப் போய் நெலோர் என்ற பெயரில் அந்நாட்டின் முதன்மை இறைச்சி இனமாகிவிட்டது. அமெரிக்காவின் பிராமன் இனத்திலும் ஓங்கோல், கிர் ரத்தம் உண்டு. இவற்றை அளக்கும்போது டேப்பைத் திமிலின்மேல் போடாமல் அதற்குப் பின்னால் போடுங்கள். தோள் உயரத்தை விட்டுவிட்டு இடுப்பு உயரத்தை எடுங்கள். தொங்கும் தோலும் அலைதாடியும் நெஞ்சுக்குப் பருமன் இருப்பதுபோல் காட்டும். தொடையும் நம் கண்ணுக்கு ஒட்டியதாகத் தெரியும். ஷரோலேயோடு ஒப்பிட்டு மட்டம் போடாமல், நெலோரை நெலோரோடு ஒப்பிடுங்கள்.

பழகும் முறை

ஏறக்குறைய ஒரே வயதுள்ள நான்கு மாடுகளை நிறுத்துங்கள். அமெரிக்கக் கல்லூரிகளில் மாடு மதிப்பிடும் போட்டிகளுக்கு இப்படித்தான் பழக்குகிறார்கள். நான்கையும் ஒரே மூச்சில் வரிசைப்படுத்த முயலாதீர்கள். பெரும்பாலும் முதல் இடமோ கடைசி இடமோ ஒன்று உடனே தெரிந்துவிடும். மீதியை இரண்டிரண்டாக ஒப்பிடுங்கள். ஒவ்வொரு ஜோடிக்கும் ஏன் இது முன்னால், ஏன் அது பின்னால் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். "நன்றாக இருக்கிறது" என்பது காரணமில்லை. "தொடை நடுவில் அகலம் அதிகம், ஆனால் முன்னதைவிட வாலடியில் கொழுப்பு கூடுதல்" என்பது காரணம்.

எடையையும் ஊகித்து எழுதுங்கள். பிறகு டேப் போட்டு, எடையைக் கணக்கிட்டு, உயரத்தால் வகுத்து, தொடைச் சுற்றையும் சேர்த்து இன்னொரு வரிசை போடுங்கள். இரண்டு வரிசையும் ஒத்துப்போகும் மாடுகளை விட்டுவிடலாம். ஒத்துப்போகாத மாட்டிடம் திரும்பப் போங்கள். டேப் உயர்த்திச் சொல்லி, கண் தாழ்த்திச் சொல்லியிருந்தால் விலாவில் கைவைத்துப் பாருங்கள், பெரும்பாலும் கொழுப்பு இருக்கும், இல்லாவிட்டால் வயிறு நிரம்பியிருக்கும். கண் உயர்த்தி, டேப் தாழ்த்தியிருந்தால் மாடு எப்படி நின்றது என்று யோசியுங்கள், சுற்றளவை இன்னொரு முறை எடுங்கள். வாய்ப்பிருந்தால் அதே மாடுகளை அறுத்த பிறகும் போய்ப் பாருங்கள். தோல் மறைத்து வைத்திருந்த கொழுப்பு எவ்வளவு என்பது கொக்கியில் தொங்கும்போதுதான் தெரியும்.